பழைய டீசல் ஜீப் வாங்கப் போகிறீர்களா? அடியில் படுத்துப் பாருங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி விலைக்கு வந்தால் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். உப்புக்காற்று தின்பது அடிப்பாகத்தைத்தான். வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸை (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் சரி. 'பொத்' என்றால் உள்ளே துரு. அங்கே மட்டும் புதுக் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பிரேக் பைப்பிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது; முன்பே சூடாக்கி வைத்திருந்தால், அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் (இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்ந்திருக்கலாம்.

பழைய ஜீப்புகளில் ஃபோர் வீலைத் தார்ரோட்டில் போட்டு வளைக்கக் கூடாது, சக்கரங்களைச் சுழற்றும் கியர்கள் இறுகிக்கொள்ளும். மணலில் போட்டு, முன்சக்கரமும் இழுக்கிறதா என்று வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள்.