தில்லியில் அப்பீல் இழுத்தடிக்கும்போது ஜாமீன் கேட்பது எப்படி?

அப்பீல் போட்டதாலேயே ஆள் வெளியே வந்துவிட மாட்டார். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடச் சொல்லி தனி மனு போட வேண்டும். இதற்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) 389, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 430.

தண்டனை 3 வருடத்துக்குள், ஆளும் அதுவரை ஜாமீனில் இருந்தவர் என்றால் தீர்ப்பு சொன்ன நீதிபதியிடமே அன்றைக்கே கேளுங்கள், அப்பீல் போடும்வரை அவரே விடலாம். மற்றபடி சாகேத், தீஸ் ஹசாரி என்று தில்லியின் எந்த மாவட்டக் கோர்ட்டானாலும் செஷன்ஸ் தீர்ப்புக்கு ஹைகோர்ட், கெடு 60 நாள்; மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு செஷன்ஸ், 30 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா, ஹைகோர்ட் சட்ட உதவிக் குழு இருக்கிறது, சிறை அதிகாரி மூலமாகவும் அப்பீல் அனுப்பலாம்.

இனி மனு. பல வக்கீல்கள் 'என் கட்சிக்காரர் நிரபராதி' என்றே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆயுள் தண்டனை என்றால் தீர்ப்பில் இருக்கும் ஓட்டையைக் காட்டித்தான் ஆக வேண்டும், அதில் ஜாமீன் கஷ்டமும்கூட. ஆனால் 5 வருடம், 7 வருடம் மாதிரி தண்டனைக்கு முதல் பக்கத்திலேயே வர வேண்டியது கணக்கு: விசாரணைக் கைதியாக இருந்த காலத்தையும் சேர்த்து எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி, அப்பீல் எடுக்கப்படுவதற்குள் தண்டனையே முடிந்துவிடுமா. நியாயமான காலத்துக்குள் அப்பீலைக் கேட்க முடியாவிட்டால், வலுவான காரணம் இல்லாதவரை ஜாமீன் தர வேண்டும் என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை அதன் கீழேயே போடுங்கள்.

இந்தக் கணக்கைக் கோர்ட் உங்கள் பேச்சை நம்பி எடுத்துக்கொள்ளாது, திகார் சிறையிலிருந்து நாமினல் ரோல் (கைதி உள்ளே இருந்த நாள்கள், நடத்தை பற்றிய சிறைக் குறிப்பு) வரவழைக்கும். வாய்தா வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் முதல் நாளே அதற்கு உத்தரவு கேட்டுவிடுங்கள். வந்ததும் நாள்களையும் நன்னடத்தைக் குறிப்பையும் சரிபாருங்கள். 10 வருடத்துக்குக் குறையாத தண்டனையோ, ஆயுளோ, தூக்கோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் பதில் சொல்ல வாய்ப்புத் தந்தே ஆக வேண்டும், அவருக்கு நகல் முன்கூட்டியே போகட்டும்.

அப்புறம், எந்த வாய்தாவை யார் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் வக்கீலே நாலு தடவை தள்ளிப் போட்டிருந்தால் தாமதம் என்ற வாதம் எடுபடாது. ஜாமீன் மறுக்கப்பட்டால் அப்பீலையே சீக்கிரம் எடுக்கச் சொல்லி மனு போடலாம், இன்னும் காலம் போனபின் ஜாமீனும் மறுபடி கேட்கலாம். அபராதத்தையும் நிறுத்திவைக்கச் சொல்ல மறக்காதீர்கள், பலரும் கோட்டைவிடும் இடம் அது.

கடைசியில் ஜாமீன்தாரர். நிலம் சேலத்தில், ஆளும் அங்கே, 'உள்ளூர் ஆள் வேண்டும்' என்று கோர்ட்டில் சொன்னால் மோதி ராம் வழக்கைக் காட்டுங்கள். வெளியூர் ஜாமீன்தாரர் என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்ற 1978 தீர்ப்பு அது. சாந்தினி சௌக்கில் பிடிபட்ட தமிழன் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதிலேயே கேட்டிருக்கிறார். முகவரி சரிபார்க்க நாளாகும், ஆகவே உத்தரவு வரும் முன்பே பத்திரமும் ஆதாரும் தில்லி வந்து சேரட்டும்.