"கேக்கலைன்னா ஊசிதான்": இன்சுலின் தொடங்கும்போது நடக்கும் தவறுகள்

தாராபுரமோ கோபியோ பல்லடமோ, சர்க்கரைக்கு மாத்திரை எழுதுபவர் பெரும்பாலும் கடைவீதியில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர்தான். பேரனின் காய்ச்சலையும் அப்பாருவின் மூட்டுவலியையும் பார்ப்பவரும் அவரே. இன்சுலின் தள்ளிப்போவதும் அதிகமாக அந்த அறையில்தான். நோயாளியின் பயம் மட்டும் காரணமில்லை, டாக்டரின் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

பெரிய தவறு, இன்சுலினை மிரட்டலாகப் பயன்படுத்துவது. "சோத்தைக் குறைக்கலைன்னா அடுத்த தடவை ஊசிதான், பாத்துக்கங்க." சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இரண்டு வருடம் கழித்து உண்மையாகவே இன்சுலின் எழுதும்போது, "நான் என்னுங்க தப்புப் பண்ணுனேன்?" என்று அந்த மனிதர் கேட்கிறார். பல நேரம் அவர் தப்பே பண்ணியிருக்க மாட்டார். டைப் 2 சர்க்கரை நோயில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வின் கணக்குப்படி, நோயைக் கண்டுபிடிக்கும்போதே அந்தத் திறனில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை விரட்டி வேலை வாங்குபவை. சுரப்பே இல்லாதபோது அவற்றைக் கூட்டுவது, வற்றிய போர்வெல்லுக்குப் பெரிய மோட்டார் மாட்டுவது மாதிரி.

அடுத்தது, "இன்னும் மூணு மாசம் பார்க்கலாம்". மாரியம்மன் நோம்பி முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று நோயாளி கேட்பார். டாக்டருக்கும் உள்ளூர நிம்மதிதான். வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்க, ஊசி போடக் கற்றுக்கொடுக்க நேரம் ஏது? ராத்திரி சர்க்கரை இறங்கி ஏதாவது ஆகிவிடுமோ, ஆள் வேறு டாக்டரிடம் போய்விடுவாரோ என்ற கவலையும் உண்டு. இப்படியே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9 சதவீதத்துக்கு மேல் வருடக்கணக்காக நிற்கும். கண்ணும் சிறுநீரகமும் அதற்குள் அடி வாங்கிவிடும்.

எல்லோருக்கும் இன்சுலின் வேண்டும் என்பதில்லை. இப்போது வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஹெச்பிஏ1சி 10-ஐத் தாண்டி, அல்லது சர்க்கரை 300-க்கு மேல் நின்று, எடையும் குறைந்துகொண்டே வந்தால் தள்ளிப்போடக் கூடாது. அப்படித் தொடங்கியவர்களில் சிலர், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மாத்திரைக்கே திரும்புவதும் உண்டு. "ஒரு தடவை போட்டா சாகிற வரைக்கும்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

சரி, தொடங்கியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தைக் கேட்காமல் காலை, இரவு என்று 30/70 கலவை (வேகமான இன்சுலின் 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு) எழுதுவது அடுத்த தவறு. அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சோமனூரில் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுபவர் எப்போது சாப்பிடுவார் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். நேரம் நிலையில்லாதவருக்கு நாளுக்கு ஒரு முறை போடும் நீண்ட நேர இன்சுலின் பெரும்பாலும் தோதுப்படும். வழக்கமாக 10 யூனிட்டில் தொடங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து மூன்று நாளுக்கு ஒரு முறை 2 யூனிட் கூட்டுவார்கள். அந்தப் பத்திலேயே ஒரு வருடம் விட்டுவிட்டு, "இன்சுலின் போட்டும் குறையலை" என்றால் இன்சுலின் என்ன செய்யும்?

சிரிஞ்சு விஷயம் இதைவிட ஆபத்தானது. நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு செறிவில் வருகிறது: மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 50 யூனிட். மருந்துக் கடையில் ஒவ்வொரு தடவையும் பாட்டிலையும் சிரிஞ்சு மூடியையும் சேர்த்துப் பாருங்கள். டாக்டரும் சீட்டில் எந்தச் சிரிஞ்சு என்று எழுத வேண்டும்.

மற்றவை சின்னதுதான், ஆனால் தினமும் நடப்பவை. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துவிட்டால் மருந்து சரியாக உள்ளே போகாது, இடம் மாற்றிப் போடுங்கள். பிரிக்காத பாட்டில் பிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். கரூர் வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைத்த மருந்தை நம்பாதீர்கள். பழைய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று முதல் நாளே சொல்லாமல் அனுப்புவது மன்னிக்க முடியாதது. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, அளவு 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று தினமும் காபியில் போட்டுக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அளவை அதுவும் ஏற்றும், இந்த நேரத்தில் கைக்கு அதுதான் கிடைத்தால் அதையே கரைக்கலாம். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.