கொல்லைப் பழமரமும் கத்தரிக்கோலும்: எங்கே தப்பு நடக்கிறது?

கொல்லையில் வளரும் பழமரத்துக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு கதிதான். பல வருடம் அதை யாரும் தொடுவதில்லை, இல்லையென்றால் ஒரே நாளில் மொட்டையடித்துவிடுகிறார்கள். முதல் தப்பு நடப்பதால்தான் இரண்டாவதும் நடக்கிறது.

மரம் கூரையைத் தாண்டிவிடும், காய் கைக்கு எட்டாது, கிளை மின்கம்பியில் உரசும். உடனே ஆளைக் கூப்பிட்டு உச்சியைத் தறித்துவிடுவார்கள். இலையை இழந்த மரம் சும்மா இருக்காது. வெட்டுவாய்க்குக் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகளையெல்லாம் கிளப்பி, நேர் மேலாகப் போத்துகளை, அதாவது வேகமாக நீளும் புதுத் தளிர்களை, அனுப்பும். அவை மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், பருத்தபின் பலத்த காற்றடித்தால் பிளந்து விழும். அதுவரை நிழலில் இருந்த பட்டையும் வெயில் பட்டு வெடிக்கும். சில வருடங்களில் பழைய உயரமும் திரும்பிவிடும், ஆனால் பழைய பலம் வராது.

உயர்ந்துவிட்ட மரத்தை இறக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம். கிளையை நடுவில் தறிக்காமல், அதிலிருந்து பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டுங்கள். எடுக்கும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது அந்தப் பக்கக்கிளைக்கு இருந்தால், வளர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

இந்தப் பாடே வேண்டாமென்றால் கன்றிலேயே தொடங்க வேண்டும். 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் நுனியை வெட்டிவிட்டு, வரும் தளிர்களில் வேறு வேறு திசையில் போகும் மூன்று நான்கை மட்டும் வளர விடுங்கள். ஆசையாக நட்ட செடியின் தலையை வெட்ட யாருக்கும் மனசு வராது, அதுதான் சிக்கல்.

அடுத்தது காலம். கவாத்துக்கு, அதாவது கிளை கழிப்பதற்கு, எல்லா மரத்துக்கும் பொதுவாக ஒரு மாதம் கிடையாது. உங்கள் மரம் எந்தக் குச்சியில் பூக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மா, முற்றிய தளிரின் நுனியில் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் புதுத் தளிர் வந்து முற்ற அவகாசம் இருக்கும். பூக்கும் பருவம் நெருங்கும்போது வெட்டினால் அந்த வருடக் காய்ப்பையே வெட்டியதாக ஆகும். கொய்யா இதற்கு நேர்மாறு. புதுத் தளிரில்தான் பூ எடுக்கும், அதனால் வெட்ட வெட்டப் பூக்கும். அங்கே தயங்குவதுதான் தப்பு. பீச் மரம் போன வருடத்துக் குச்சியில் காய்க்கும். மொத்தத்தையும் கழித்தால் காய் இல்லை, ஒன்றுமே கழிக்காவிட்டால் அடுத்த வருடத்துக்குக் குச்சி இல்லை. எலுமிச்சைக்குக் காய்ந்தது, உரசுவது, தூரில் கிளம்பும் போத்து, இவற்றை எடுத்தாலே பெரும்பாலும் போதும். பலா விஷயத்தில் ஒரு வினோதம் உண்டு. அது அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் உள்ள குட்டைக் குச்சிகளில்தான் காய்க்கும். அடிமரம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அவற்றைச் சீவிவிட்டு, மரம் ஏன் காய்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்!

சரி, வெட்டுவது எந்த இடத்தில்? கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் பட்டை கொஞ்சம் புடைத்து வளையம் போலத் தெரியும். அந்த வளையத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்ட வேண்டும். ஒரு சாண் கட்டை விட்டால் அது காய்ந்து அழுகும், அழுகல் உள்ளே இறங்கும். வழவழப்பாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் அந்த வளையமே போய்விடும். காயத்தை மூடும் புதுத் திசு வருவது அங்கிருந்துதான். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே அரண் கட்டி அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுகிறது. வெட்டுவாயில் தாரும் பெயின்ட்டும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை, சில சமயம் ஈரம் உள்ளேயே அடைபடும். அப்படியே விட்டுவிடலாம்.

கனமான கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுக்காதீர்கள், விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். சற்றுத் தள்ளி அடியில் பாதி, அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுதாக, அப்புறம் மிச்சக் கட்டையை வளையத்தருகே என்று மூன்று அறுப்பாகச் செய்யுங்கள்.

ஒட்டுச்செடி (வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் நல்ல ரகத்தை ஒட்டியது) என்றால் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே முளைப்பது எதுவும் நீங்கள் வாங்கிய ரகம் அல்ல. அது செழிப்பாக வளர்கிறதே என்று விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். பழம் திடீரென்று மாறிவிட்டது என்று புலம்புபவர்களின் மரங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நடும்போது அந்த ஒட்டு மண்ணுக்குள் புதையக் கூடாது.

தண்ணீரைத் தூரில் ஊற்றுவதும், மூடாக்கை (மண்ணை மூடப் போடும் சருகு, வைக்கோல் போன்றவை) அடிமரத்தில் குவிப்பதும் பட்டையை அழுகவைக்கும். உறிஞ்சும் வேர்கள் அதிகம் இருப்பது தள்ளி, கிளைகளின் விளிம்புக்குக் கீழும் அதைச் சுற்றியும். தண்ணீர், எரு, மூடாக்கு எல்லாம் அங்கே போகட்டும். மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். பலமாகக் கவாத்து செய்த மரத்துக்குத் தெம்பு வரட்டும் என்று யூரியாவைக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே போத்து கிளப்பத் துடிக்கும் மரம் அது, தழைச்சத்தும் சேர்ந்தால் இலைதான் மிஞ்சும்.