எடை குறைந்த பின் தொங்கும் தோலை அகற்றும் அறுவைக்குக் காப்பீடு பெறுவது எப்படி

நாற்பது ஐம்பது கிலோ எடை இறங்கிய பிறகு அடிவயிற்றில் தொங்கி நிற்கும் தோல், எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் தானாகச் சுருங்குவதில்லை. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் அக்காவுக்கு அதை அகற்றும் அறுவை நடந்தபோது, காப்பீட்டு வேலைகள் அனைத்தையும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நானே பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாலிசியின் விலக்குகள் பகுதியில் எட்டாம் எண்ணிட்ட விதியைப் படியுங்கள். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதற்கு ஒரே சீரான வாசகத்தை வகுத்துத் தந்திருக்கிறது. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் கிடையாது என்று சொல்லும் அதே விதி, உடல்நலத்துக்கு நேரடியாகவும் உடனடியாகவும் உள்ள ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சைக்கு விலக்கிலிருந்து விடுதலை தருகிறது. அந்தத் தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு தாளும் இந்த ஒரு வாசகத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். ஆறாம் எண்ணிட்ட உடல் பருமன் விலக்கைக் காட்டி மறுத்தால், இப்போது சிகிச்சை பருமனுக்கு அல்ல, தோல் மடிப்பில் வரும் நோய்க்கு என்பதை மருத்துவரின் கடிதத்தைக் கொண்டே விளக்கலாம்.

அடுத்தது அறுவையின் பெயர். தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் அகற்றுவது பானிகுலெக்டமி. வயிற்றுத் தசையை இறுக்கித் தைத்து, தொப்புளையும் இடம் மாற்றி அமைக்கும் அப்டாமினோபிளாஸ்டியைத்தான் பலரும் டம்மி டக் என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அதை அழகு அறுவையாகவே பார்க்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதானால், தசை இறுக்கும் பகுதிக்கு மருத்துவமனை தனி மதிப்பீடு எழுதித் தர வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகும். குடலிறக்கமும் இருந்தால் அதைத் தனி நோயாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஆனால் பல பாலிசிகளில் அதற்குப் பாலிசி எடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் காத்திருப்பு உண்டு.

எங்கள் முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் ஓ.பி. சீட்டில் இருந்த ஒரே ஒரு வரி. "வயிறு தட்டையாக வேண்டும் என்று நோயாளி விரும்புகிறார்" என்று ஒரு மருத்துவமனையில் இளம் மருத்துவர் எழுதியிருந்தார். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து, மடிப்புக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போவாள். மதியம் ஆபீஸ் குளியலறையில் அதை எடுக்கும்போது மஞ்சள் நீர் ஊறி, ஓரம் தோலோடு ஒட்டியிருக்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "வயிறு தொந்தரவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். ஆகவே கூச்சத்தை விட்டு எரிச்சல், நாற்றம், நீர்க்கசிவு, நடக்கும்போது உராய்வு, குனிய முடியாமை என அனைத்தையும் சொல்லி, எழுதியதை அங்கேயே வாசித்துப் பார்த்துத் தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இல்லாததை எழுதச் சொல்லக் கூடாது. உள்ளதை விடாமல் எழுதச் சொன்னாலே போதும்.

வீட்டில் பவுடர் போட்டுச் சமாளித்த மாதங்களுக்குத் தாளில் எந்தத் தடயமும் இருக்காது. பெங்களூரில் மார்ச், ஏப்ரல் வெயிலில் படையும் புண்ணும் கிளம்பும்போதெல்லாம் தோல் மருத்துவரிடம் போய், எந்த மருந்து, எத்தனை நாள், எப்போது ஆறியது, மீண்டும் எப்போது வந்தது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மருந்துக்கடையில் பெயரும் தேதியும் உள்ள பில் வாங்குங்கள். நேராகவும், பக்கவாட்டிலும், மடிப்பைத் தூக்கிப் பிடித்தும் தேதியோடு படங்கள் எடுத்து வையுங்கள். ஆறு மாதமாவது எடை ஒரே நிலையில் இருந்ததற்கான குறிப்பும் வேண்டும். எடை நிலைபெறும் முன் அறுவை செய்ய மருத்துவர்களும் தயங்குவார்கள். அறுவை மருத்துவரின் கடிதத்தில் நோயின் பெயர், பலன் தராத சிகிச்சைகள், மடிப்பு எதுவரை தொங்குகிறது, செய்யாவிட்டால் வரும் ஆபத்து ஆகிய நான்கும் இருக்கட்டும்.

கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் தளர்த்தப்பட்டிருக்கும் என்பதால், எச்.ஆர். பிரிவிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது திட்டமிட்ட அறுவை. எனவே கேஷ்லெஸ் விண்ணப்பத்தைச் சேர்க்கைக்குப் பல நாட்களுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு வழியாக அனுப்பிவிடலாம். ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி முன் அனுமதி குறித்து நிறுவனம் ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். கிளெய்மை நிராகரிப்பதானால், மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடு எந்த விதியின்படி என்று குறிப்பிட்டே சொல்ல வேண்டும். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் முதல் கட்டத்தில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை விசாரிப்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. தோல் மருத்துவரின் எட்டு மாதச் சீட்டுகளும் திருத்திய ஓ.பி. குறிப்பும் சேர்ந்த இரண்டாம் விண்ணப்பத்தில் பானிகுலெக்டமிக்கு அனுமதி வந்தது. தசை இறுக்குவதை அக்காவே வேண்டாமென்றாள். வீடு திரும்பும் நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயர் அனுமதியில் உள்ளபடியே இருக்கிறதா என்று, இறுதிப் பில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். எங்கள் சம்மரியில் அப்டாமினோபிளாஸ்டி என்று தட்டச்சாகியிருந்ததை அப்போதுதான் கண்டு மாற்றினோம்.