வேலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குடியை விட உதவும் ஏஏ கூட்டம்

யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வேலூர் வந்து இறங்குகிறவர்களுக்கு வாடகை அறை, சிம் கார்டு, சி.எம்.சி. மருத்துவமனையில் பதிவு என்று எல்லாவற்றையும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். குடியை விடப் போராடிக்கொண்டிருப்பவர் இங்கே யாரிடம் போவது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. கேட்கவும் கூச்சம். அதற்காகத்தான் குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தைப் பற்றி இது.

புது ஊரில் கண்டிக்க ஆளில்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி, பரிசோதனை என்று ஓடிவிடும், மாலைதான் கஷ்டம். டாஸ்மாக் என்ற அரசு மதுக்கடை மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கும். சொந்த ஊரில் ஒழுங்காகக் கூட்டத்துக்குப் போனவர்கள்கூட, 'திரும்பிப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்' என்று இங்கே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

ஆனால் இன்றைக்கும் தினமும் குடிப்பவர் என்றால், முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம். அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கும். கடைசியாகக் குடித்த 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்' என்று பக்கத்துக் கிளினிக்கில் படுத்துவிடவும் வேண்டாம். குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, 1957 முதல். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் உண்டு. அங்கே உள்நோயாளியாகச் சேர்ந்தால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும்; தனியாக வந்தவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். எங்கே போனாலும் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே குவார்ட்டர் என்றால் 180 மில்லி. ஊரில் குடித்தது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

கூட வந்திருக்கும் மனைவிமாருக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று. 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி நின்றுவிடும்' என்று யார் மருந்து விற்றாலும் வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். ஏஏ என்று எல்லோரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியிலிருந்து மீள நினைத்த இரண்டு பேர், ஒருவர் பங்குச்சந்தைக்காரர், மற்றவர் டாக்டர், ஒருவருக்கொருவர் பேசியதே அதன் ஆரம்பம். இன்றும் ஏஏ கூட்டங்களில் நடப்பது அதுதான். வேலூரில் எந்தக் கிழமை, எந்த இடம் என்பதை மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். ஏஏவின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனம் உடைந்துபோன இரவில் 14416-ஐக் கூப்பிடலாம். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை.

முதல் நாள் 'திறந்த கூட்டமா' என்று கேட்டுப் போனால் வீட்டாரையும் அழைத்துச் செல்லலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். நடுவில் குறுக்கிட்டு அறிவுரை சொல்கிற வழக்கமில்லை. நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பேர்கூடச் சொல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். லாட்ஜில் பாஸ்போர்ட் கேட்பார்கள், இங்கே யாரும் கேட்பதில்லை. கட்டணமும் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் தாமாகப் போடுவதுதான். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தாலும் ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. இந்துவோ முஸ்லிமோ, தயங்காமல் உள்ளே போங்கள்.

பேச்சு வழக்கு வேறாக இருக்கிறதே என்றும் தயங்க வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழில் பேசினாலும் மலேசியத் தமிழில் பேசினாலும் அங்கே இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது தெரிந்த கதைதான். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால், வெட்கப்பட்டு நின்றுவிடாமல் அடுத்த கூட்டத்துக்கே போய்ச் சொல்லுங்கள். யாரும் துரத்த மாட்டார்கள். வீட்டாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் வீட்டாராகிய நீங்கள் தனியாக அதில் சேரலாம்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவதற்கு முந்தைய கூட்டத்தில், கொழும்பிலோ கோலாலம்பூரிலோ உள்ள குழுவை எப்படித் தொடர்புகொள்வது என்று இங்கேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் முன்பே அங்கே ஒருவரிடம் போனில் பேசிவிடுங்கள்.