பெயின்ட் பில்லில் போன பணம்

கிண்டி சிக்னலில் என் காரின் பின்னால் ஒரு வேன் இடித்து பம்பர் உடைந்தது, டிக்கி நசுங்கியது. சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் போட்ட தொகையோ ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் பாதிகூட இல்லை. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதத் தேய்மானம், அதாவது பொருள் பழையதானதற்கான கழிவு. சரி, அது விதி. ஆனால் பெயின்ட் பில் முழுவதிலும் பாதியைக் கழித்திருந்தார்கள். பெயின்ட் பொருளுக்கு மட்டும்தான் அந்த 50. கூலியும் சேர்ந்த மொத்த பில் என்றால் அதில் 25 சதவீதத்தைத்தான் பொருள் விலையாக எடுக்க வேண்டும். டிக்கியின் உள்வளைவும் கணக்கில் இல்லை. கழற்றுமுன்பே பார்த்துவிட்டுப் போனவருக்கு அது எப்படித் தெரியும்! போட்டோக்களோடு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். மறுசர்வே நடந்தது, இரண்டையும் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.