மீக்கணினியில் முதல் கட்டளைகள்

மீக்கணினியில் (சூப்பர் கம்ப்யூட்டர்) பணியாற்ற விரும்பும் மாணவர் முதலில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரியோடு பழகிக்கொள்ள வேண்டும். திருச்சி என்ஐடியில் 2022-இல் தொடங்கிவைக்கப்பட்ட, 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள்) திறன் கொண்ட 'பரம் பொருள்' போன்ற இயந்திரங்களில் பெரும்பாலான வேலை விசைப்பலகையிலேயே நடக்கிறது.

தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியாக உள்நுழைந்ததும் நீங்கள் நிற்கும் இடம் லாகின் நோடு, அதாவது நுழைவுக்கான கணினி. அது எல்லோருக்கும் பொதுவானது. கனமான கணக்கீட்டை அங்கேயே ஓட்டினால் மற்ற அனைவருக்கும் இயந்திரம் மந்தமாகிவிடும் என்பதால், அதைத் தவிர்ப்பதையே முதல் விதியாகச் சொல்வேன்.

இருக்கும் கோப்புறையைக் காட்டும் பிடபிள்யூடி (pwd), கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls), வேறு கோப்புறைக்கு மாறும் சிடி (cd) மூன்றும் விரைவில் கைக்கு வந்துவிடும். கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையில்தான் எச்சரிக்கை தேவை: அது அழிக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. ஆகவே பல கோப்புகளை ஒன்றாகக் குறிக்கும் நட்சத்திரக் குறியிட்டு (*) அழிக்குமுன், அதே குறியீட்டை எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து எந்தெந்தக் கோப்புகள் சிக்குகின்றன என்று பாருங்கள்.

கணக்கீட்டை ஸ்லர்ம் (Slurm) போன்ற வரிசை மேலாண்மை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை கோர்கள் (செயலியின் கணக்கிடும் அலகுகள்), எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்பவற்றை, கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் கோப்பின் தொடக்கத்தில் எழுதி, எஸ்பேட்ச் (sbatch) கட்டளையால் அனுப்பினால் ஒரு வேலை எண் கிடைக்கும். எஸ்கியூ (squeue) கட்டளை காட்டும் பட்டியலில் 'பிடி' (PD) என்றிருந்தால் வேலை காத்திருக்கிறது. 'ஆர்' (R) என்றால் ஓடுகிறது. கேட்ட நேரம் தீர்ந்தால் வேலை பாதியிலேயே நிறுத்தப்படும், மிகையாகக் கேட்டாலோ வரிசையில் நெடுநேரம் காத்திருக்க நேரலாம். எனவே சிறிய தரவோடு ஒருமுறை ஓட்டி அளந்துவிட்டு, சற்றுக் கூடுதலாகக் கேளுங்கள். தவறாக அனுப்பிய வேலையை, அதன் எண்ணை எஸ்கேன்சல் (scancel) கட்டளையோடு கொடுத்து நிறுத்தலாம்.